தாமஸ் சாத்ராக் ஜேம்ஸ்: முர்ரே ஆற்றங்கரையின் பள்ளி ஆசிரியர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இவர்?

ஆஸ்திரேலியா ஒரே நாடாகச் சேர்வதற்கு முன்பு, தனித்தனி பிரிட்டிஷ் காலனிகளாக இருந்த காலத்தில், நியூ சவுத் வேல்ஸ் காலனியின் தெற்கு எல்லையில் பூர்வகுடி மக்களின் பள்ளி ஒன்றில் வேலை பார்த்த ஆசிரியர். 1881இல் சம்பளம் இல்லாமல் பாடம் சொல்லத் தொடங்கினார். 1883இல் அரசு ஆசிரியர் ஆனார். 1922இல் ஓய்வு பெறும்வரை அதே மக்களுடைய பிள்ளைகளுக்கும், அப்புறம் அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்.

பெரிய ஊருக்கு மாற்றல், பதவி உயர்வு என்று சொல்லிக்கொள்ள அவருடைய உத்தியோகத்தில் ஒன்றுமில்லை. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆஸ்திரேலியப் பூர்வகுடி உரிமைக்காகக் குரல் கொடுத்தவர்களின் பெயர்களை எழுதிப் பாருங்கள். அதில் எத்தனை பேர் இந்த ஒருவரிடம் படித்தவர்கள் என்பது தெரிந்தால் மலைப்பாக இருக்கும்.

அவர் எந்த ஊர்க்காரர்? தமிழரா?

பிறந்தது 1859இல், மொரீஷியஸ் தீவில், மோக்கா என்ற இடத்தில். பெற்றோர் இந்தியர்கள். தந்தை பீர்சாகிப், மெட்ராஸ் பக்கத்திலிருந்து போன முஸ்லிம் வம்சத்தவர். ஆங்கிலிக்கன் கிறிஸ்தவத்துக்கு மாறியவர், மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகக் கூலியாட்கள் வந்து இறங்கிய தீவு அது. அலுவலகங்களில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் காரியம் நடக்காது. அதனால் ஜேம்ஸ் வளர்ந்தது தோட்டக் குடிசையில் அல்ல, எழுத்தறிந்த ஒரு வீட்டில்.

இன்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் தமிழர் என்றே குறிப்பிடுகிறார்கள். மெட்ராஸ் வேர் இருக்கிறது, அது நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் "நம்ம ஆளு" என்று கொண்டாடுவதோடு நிறுத்திக்கொண்டால் அவர் வாழ்ந்த வாழ்க்கையைத் தவறவிட்டுவிடுவோம். இருபது வயதைத் தாண்டிய கையோடு, முர்ரே ஆற்றங்கரைப் பூர்வகுடிகளான யோர்ட்டா யோர்ட்டா மக்களிடம் வந்து சேர்ந்தவர், அவர்களிடமே பெண் எடுத்து, அவர்கள் மண்ணிலேயே புதைக்கப்பட்டார். அவரை முதலில் சொந்தம் கொண்டாட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

பீர்சாகிப் மகன் எப்படி ஜேம்ஸ் ஆனார்?

தாய் இறந்தபின் தந்தை மறுமணம் செய்துகொண்டார். மகன் வீட்டை விட்டுக் கிளம்பி ஆஸ்திரேலியாவுக்குப் போனார். போன இடத்தில் குடும்பப் பெயரைத் துறந்து, கிறிஸ்தவப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டார்.

இந்த ஒரு காரியத்தால் அவருடைய பேரன், கொள்ளுப்பேரன் தலைமுறைகளுக்குத் தாத்தாவின் ஊர் எது, உறவு யார் என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. வழிவந்தவர் ஒருவர் வாழ்நாள் முழுக்கத் தேடி, மொரீஷியஸ் ஆவணங்கள் வரை போய்த்தான் பீர்சாகிப் என்ற பெயர் மீண்டது. அந்தத் தேடல் 2014இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியாகப் புத்தகமாகவும் வந்திருக்கிறது.

ஆசிரியர் வேலைக்கு எப்படி வந்தார்?

டாக்டராக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. டைபாய்டு காய்ச்சல் வந்து கை நடுக்கம் நிலைத்துவிட்டதால் அறுவை மருத்துவக் கனவு போனது என்று குடும்பத்தில் சொல்வார்கள்.

திருப்பம் 1881 ஜனவரியில். மெல்போர்னுக்கு அருகே பிரைட்டன் கடற்கரையில் ஒரு பிரார்த்தனைக் கூட்டம். முர்ரே ஆற்றங்கரையில் மலோகா என்ற இடத்தில் பூர்வகுடி மக்களுக்காக ஒரு குடியிருப்பை நடத்திவந்த டேனியல் மேத்யூஸ், அங்கிருந்த சிலரை அழைத்து வந்திருந்தார். அவர்களையும் மேத்யூஸையும் ஜேம்ஸ் அங்கேதான் சந்தித்தார். மலோகா பள்ளிக்கு ஆசிரியர் தேவை. இவர் வருகிறேன் என்றார். சம்பளம் கிடையாது. வயது 21.

மெல்போர்னிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே எச்சூகா, அது ஆற்றுக்கு இந்தப் பக்கம் விக்டோரியா காலனி. ஆற்றைக் கடந்தால் நியூ சவுத் வேல்ஸ். மலோகா அந்தக் கரையில் இருந்தது. வீட்டைத் துறந்து, படிப்புக் கனவையும் இழந்து நின்ற இளைஞருக்கு அந்தக் குடியிருப்பு ஒரு ஊரையும் உறவையும் கொடுத்தது என்றுதான் எனக்குப் படுகிறது. அவர் திரும்பிப் போகவில்லை.

மலோகா எப்படிப்பட்ட இடம்?

மேத்யூஸ் எச்சூகாவில் கப்பல் சாமான் வியாபாரம் செய்தவர். மனைவி ஜேனட்டுடன் சேர்ந்து 1874இல் மலோகாவைத் தொடங்கினார். ஆற்றில் மீனும் சிவப்பு யூக்கலிப்டஸ் காடுகளில் வேட்டையும் என்று வாழ்ந்த மக்களின் நிலம் முழுவதும் ஆட்டு மந்தைப் பண்ணைகளாகிவிட்ட நேரம் அது. பட்டினி, நோய், சாராயம், பெண்கள் மீதான அத்துமீறல் என எல்லாம் சேர்ந்து அவர்களை நசுக்கின. மலோகாவில் சோறும் பாதுகாப்பும் கிடைத்தன. கூடவே கட்டாய ஜெபமும், கடுமையான ஒழுங்கும், பழைய சடங்குகள் மீது தடையும் வந்தன. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அங்கே முதலில் படித்தவர்களில் ஒருவன் பில்லி கூப்பர் என்ற பையன். அவன் மூன்றே நாளில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, உடனே இன்னொரு பையனுக்கும் சொல்லிக்கொடுத்தான் என்று 1874 ஆகஸ்டில் மேத்யூஸ் வியந்து எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பையன்தான் வில்லியம் கூப்பர். பெயரை நினைவில் வையுங்கள், அவரிடம் மறுபடி வருவோம்.

அந்தக் காலத்தில் கிராமத்து ஆசிரியர் வாழ்க்கை பொதுவாக எப்படி இருந்தது?

நியூ சவுத் வேல்ஸில் 1880இல் பொதுக் கல்விச் சட்டம் வந்தது. ஆறு வயது முதல் 14 வரை பிள்ளைகள் பள்ளிக்கு வந்தே தீர வேண்டும். கட்டணம் பிள்ளைக்கு வாரம் மூன்று பென்ஸ். பிள்ளைகள் குறைவான இடங்களில் தற்காலிகப் பள்ளி. இன்னும் குறைந்தால் இரண்டு ஊருக்கு ஒரே ஆசிரியர், குதிரையில் மாறி மாறிப் போய்வர வேண்டும். பல பள்ளிகள் மரப்பலகைச் சுவரும் மரப்பட்டைக் கூரையுமாக நின்றன. எல்லா வகுப்பும் ஒரே அறையில். கல்வி ஆய்வாளர் வந்து பிள்ளைகளைப் பரீட்சித்துப் பார்ப்பார். அவர் எழுதும் அறிக்கைதான் ஆசிரியரின் தரத்தையும் சம்பளத்தையும் தீர்மானிக்கும்.

ஆசிரியர்கள் நிலையாகத் தங்குவது அபூர்வம். சில வருடம் கழித்ததும் நல்ல இடமாகப் பார்த்து மாற்றல் கேட்பார்கள். பின்னாளில் மேரி கில்மோர் என்று புகழ்பெற்ற கவிஞர் அப்படி ஊர் ஊராகப் பணியாற்றியவர்தான். 1880களின் கடைசியில் வறண்ட மேற்கில், சில்வர்ட்டன் சுரங்க ஊர்ப் பள்ளியிலும் பாடம் சொல்லியிருக்கிறார். இன்று அவர் முகம் ஆஸ்திரேலியப் பத்து டாலர் நோட்டில் இருக்கிறது. இந்தப் பின்னணியில் பார்த்தால்தான், நாற்பது வருடம் ஒரே மக்களோடு இருந்தவர் என்பதன் கனம் புரியும்.

பூர்வகுடிப் பிள்ளைகள் ஏன் சாதாரண அரசுப் பள்ளிக்குப் போகவில்லை?

சட்டப்படி போகலாம். நடைமுறையில் விரட்டினார்கள். 1883இல் யாஸ் என்ற ஊரில் வெள்ளைக்காரப் பெற்றோர் எதிர்த்ததால் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். 1902 வாக்கில் அதுவே கொள்கையானது: வெள்ளைக்காரப் பெற்றோர் ஆட்சேபித்தால் போதும், பூர்வகுடிப் பிள்ளைகளை அனுப்பிவிட வேண்டும். ஆசிரியர்களுக்கான கையேட்டிலிருந்து இந்த விதி அடியோடு நீங்கியது 1972இல்தான்.

தனிப் பள்ளிகளின் நிலைமை என்ன? பெரும்பாலும் குடியிருப்பு மேலாளரோ அவர் மனைவியோ, பயிற்சி எதுவும் இல்லாமல், பாடம் நடத்தினார்கள். 1916இல் இப்பள்ளிகளுக்கென்றே ஒரு பாடத்திட்டம் வந்தது. பையன்கள் பண்ணையாளாகவும், பெண்கள் வீட்டு வேலைக்காரியாகவும் போக எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் அதில். ஜேம்ஸ் இருந்த பள்ளி இதற்கு விலக்காக நின்றது. அங்கே கல்வித் துறை நியமித்த முழுநேர ஆசிரியர் இருந்தார், அவர் அந்த வரம்போடு நிற்கவில்லை.

கம்மராகுஞ்சா என்றும் சொல்கிறார்களே, அது வேறு இடமா?

ஆமாம். ஜேம்ஸ் வந்துசேர்ந்த அதே 1881இல், மலோகாவைச் சேர்ந்த 42 பேர் ஆளுநருக்கு ஒரு மனு எழுதினார்கள். எங்கள் எல்லைக்குள் இருந்த நிலம் முழுவதையும் அரசும் குடியேறிகளும் எடுத்துக்கொண்டார்கள், பயிரிடவும் கால்நடை வளர்க்கவும் போதுமான நிலம் கொடுங்கள் என்பதுதான் சாரம். 1883இல் 1,800 ஏக்கர் ஒதுக்கினார்கள். மேத்யூஸின் கண்டிப்பு பிடிக்காமல் மனக்கசப்பு முற்றி, 1888இல் மக்கள் பெரும்பாலோர் சில மைல் தள்ளியிருந்த அந்த நிலத்துக்கே குடிபெயர்ந்தார்கள். அதுதான் கம்மராகுஞ்சா. பள்ளியும் கூடப் போனது, ஆசிரியரும் போனார்.

தன்னை அழைத்து வந்த மேத்யூஸ் மலோகாவில் நிற்க, ஜேம்ஸ் மக்களோடு நடந்தார். அதற்குள் அவர் அவர்களில் ஒருவராகியிருந்தார். 1885இல் மலோகாவில் அவருக்கும் ஏடா கூப்பருக்கும் திருமணம். ஏடா, வில்லியம் கூப்பரின் சகோதரி.

வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்?

பகலில் பிள்ளைகளுக்கு வாசிப்பு, எழுத்து, கணக்கு, பைபிள். கண்டிப்பான வாத்தியார், மெதடிஸ்ட் பிரசங்கியாரும்கூட. ஆனால் அவருடைய உண்மையான சாதனை மாலையில் நடந்தது என்பது என் எண்ணம். கம்மராகுஞ்சாவில் ஒரு குடிலை மாணவர் குடில் என்று பெயரிட்டு, இருட்டியபின் இளைஞர்களையும் பெரியவர்களையும் வரச்சொன்னார். பகல் முழுக்கக் கம்பளி வெட்டியோ மரம் அறுத்தோ வந்தவர்கள் அங்கே உட்கார்ந்து படித்தார்கள். வயது வந்தபின் வில்லியம் கூப்பரும் ஜேம்ஸிடம் படித்தவர்தான்.

அந்த ஊரில் எழுத்து என்பது என்ன வேலை செய்தது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். யாருக்கு ரேஷன், யார் வெளியே போகலாம், யார் வெளியேற்றப்பட வேண்டும் என்பதெல்லாம் மேலாளரின் ஏட்டிலும், பூர்வகுடி மக்களை நிர்வகித்த அரசு அமைப்பான பாதுகாப்பு வாரியத்தின் கடிதங்களிலும் முடிவானது. அதைப் படிக்கத் தெரியாதவர் பதில் சொல்லவும் முடியாது. ஜேம்ஸின் மாணவர்கள் படித்தார்கள், திருப்பியும் எழுதினார்கள். 1887இல் ஆளுநர் கேரிங்டன், எச்சூகாவுக்கு எதிர்க்கரை ஊரான மோவாமாவுக்கு வந்தபோது கொடுத்த மனுவில் குடும்பத்துக்கு 100 ஏக்கருக்குக் குறையாத நிலம் கேட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் வில்லியம் கூப்பரும் ஒருவர்.

பாட்டு ஒன்றோடு அவர் பெயரைச் சேர்த்துச் சொல்கிறார்களே?

1886இல் அமெரிக்காவிலிருந்து ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் மலோகாவுக்கு வந்தார்கள். அடிமைத்தனத்திலிருந்து மீண்ட கறுப்பின மக்களின் பாடல்களை உலகெங்கும் பாடிக்கொண்டு போன குழு அது. பார்வோனின் சேனை செங்கடலில் மூழ்குவதைச் சொல்லும் ஒரு பாட்டு மலோகா மக்களின் மனதில் ஒட்டிக்கொண்டது. அது யோர்ட்டா யோர்ட்டா மொழிக்குப் போய், 'புரா ஃபெரா' என்ற பெயரில் இன்றும் பாடப்படுகிறது. அந்த மொழியாக்கத்தில் ஜேம்ஸின் கை இருப்பதாகச் சமூகத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். பழைய வழக்கங்களைத் தடுத்த அதே இடத்தில்தான் இந்த மொழி ஒரு பாட்டுக்குள் உயிரோடு தங்கியது.

பள்ளிக்கு வெளியே என்ன செய்தார்?

நாட்டு வைத்தியம். பள்ளிக்கூட நேரம் போக மருந்து கொடுப்பார், பல் பிடுங்குவார், காயத்துக்குக் கட்டுப்போடுவார். டாக்டர் எச்சூகாவில், இடையே ஆறு. அதனால் பலருக்கு அவரே டாக்டர். ஓய்வுக்குப் பிறகு மெல்போர்னில் மூலிகை வைத்தியராகவே தொழில் செய்தார்.

அவரிடம் படித்தவர்கள் யார் யார்?

முதலில் வில்லியம் கூப்பர். முதியோர் உதவித்தொகை வேண்டுமென்றால் அரசுக் குடியிருப்பில் வசிக்கக்கூடாது என்ற விதியால், எழுபது வயதைத் தாண்டிய பிறகு மெல்போர்னின் ஃபுட்ஸ்கிரே பகுதிக்குக் குடிபெயர்ந்து, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் கழகத்தைக் கட்டினார். நாடாளுமன்றத்தில் பூர்வகுடி மக்களுக்கு ஓர் இடம் கேட்டு, மன்னருக்கென்று 1,814 கையெழுத்துகள் திரட்டினார். அரசு அதை மன்னருக்கு அனுப்பவில்லை. பிரிட்டிஷ் குடியேற்றத்தின் 150ஆம் ஆண்டு நாளான 1938 ஜனவரி 26ஐத் துக்க தினமாக அனுசரிக்க முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி, ஜெர்மனியில் யூதர்கள் தாக்கப்பட்டதைக் கண்டித்து மெல்போர்னில் இருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு ஒரு குழுவை அழைத்துப்போனார், உள்ளே விடவில்லை. சொந்த நாட்டில் முழு உரிமை இல்லாத ஒரு கிழவர், உலகின் இன்னொரு மூலையில் நடந்த கொடுமைக்காக வாசலில் போய் நின்றார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

அடுத்து டக் நிக்கல்ஸ், 1906இல் கம்மராகுஞ்சாவில் பிறந்தவர். ஃபிட்ஸ்ராய் அணியின் கால்பந்து வீரர், போதகர், 1972இல் சர் பட்டம், 1976இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர். பில் ஓனஸ், எரிக் ஓனஸ் சகோதரர்களும் இதே ஊர்ப் பிள்ளைகள்.

ஜேம்ஸின் மகன் சாத்ராக் லிவிங்ஸ்டன் ஜேம்ஸைத் தனியே சொல்ல வேண்டும். தந்தையிடம் படித்து, அவருக்கு உதவி ஆசிரியராக இருந்து, பின்னாளில் உணவு பதனிடும் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளராகவும் பூர்வகுடி உரிமைப் பேச்சாளராகவும் ஆனார்.

அரசு ஊழியராக இருந்துகொண்டு அவரால் எதிர்க்க முடிந்ததா?

முடிந்த அளவு. மனுக்களுக்கும் கடிதங்களுக்கும் பின்னால் அவர் இருந்தார். ஆனால் அவர் கண்முன்னே நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. சில குடும்பங்களுக்கு உழுது பயிரிடப் பிரித்துக்கொடுத்த துண்டு நிலங்களை 1907இல் வாரியம் திரும்பப் பிடுங்கிக்கொண்டது. காடாக இருந்ததைத் திருத்திக் கோதுமை விளைவித்தவர்கள் கூலியாட்களாக நின்றார்கள். 1909இல் பூர்வகுடிப் பாதுகாப்புச் சட்டம். 1915 திருத்தத்துக்குப் பிறகு, நீதிமன்றத்தைக் கேட்காமலே பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுக்க வாரியத்துக்கு அதிகாரம்.

டக் நிக்கல்ஸ் சிறுவனாக இருந்தபோது அவருடைய அக்கா ஹில்டாவைப் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது, கூட்டமுண்ட்ராவில் இருந்த வேலைப் பயிற்சி விடுதிக்கு. வகுப்பில் நேற்று உட்கார்ந்திருந்த ஒரு பெண் இன்று இல்லை என்றால், அந்த ஆசிரியர் மீதிப் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்தியிருப்பார்? பள்ளியை நடத்துவதும் அரசு, பிள்ளையைப் பிடிப்பதும் அரசு. அந்த இரண்டுக்கும் நடுவில் அவர் நின்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் போயிருந்தால் அந்த இடத்துக்கு வந்திருக்கக்கூடியவர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

கடைசிக் காலம்?

1922இல் ஓய்வு. 1939 பிப்ரவரியில் கம்மராகுஞ்சாவில் மேலாளரின் கொடுமையும் பட்டினியும் தாங்காமல் இருநூறு பேர் வரை ஆற்றைக் கடந்து விக்டோரியாப் பக்கம் பார்மாவுக்கு வெளியேறியபோது, அவருக்கு 79 வயது. ஊரில் அவருக்குத் தாத்தா ஜேம்ஸ் என்றுதான் பெயர். 1946 ஜனவரியில் ஷெப்பர்ட்டனில் இறந்தார். கம்மராகுஞ்சாவில் அடக்கம்.

இன்று அவருக்கு நினைவுச் சின்னம் உண்டா? அந்த ஊர் என்ன ஆனது?

மாணவர்களுக்குக் கிடைத்த அளவு பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை. மெல்போர்னின் ஒரு நாடாளுமன்றத் தொகுதி 2019 தேர்தல் முதல் கூப்பர் என்ற பெயரைத் தாங்குகிறது. ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கில் ஆண்டுதோறும் பூர்வகுடிச் சுற்று நடக்கும், அதற்கு டக் நிக்கல்ஸின் பெயர்.

கம்மராகுஞ்சாவை 1953இல் அரசு அதிகாரபூர்வமாக மூடியது. நிலத்தின் பெரும்பகுதி அதற்கும் முன்பே வெளியாட்களிடம் குத்தகைக்குப் போயிருந்தது. சில குடும்பங்கள் மட்டும் விடாப்பிடியாக அங்கேயே இருந்தன. 1984இல் அந்த நிலம் யோர்ட்டா யோர்ட்டா மக்களின் நில மன்றத்துக்குத் திரும்ப வந்தது. இன்றும் அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன.